காகிதம் வைத்துத் தைக்கும் அறுகோணப் பூ

துண்டுத் துணிகளை இணைத்து விரிப்பு தைக்கத் தொடங்குபவர்கள் சதுரங்களைச் சேர்க்கும்வரை உற்சாகமாக இருப்பார்கள். அறுகோணம், வைரம் என்று மூலைகள் கூடிய வடிவத்துக்கு வந்ததும் துணி இழுபடும்; முனைகள் ஒன்றோடொன்று சேராது. இங்கிலாந்துப் பெண்கள் இதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வழி வைத்திருந்தார்கள். வேண்டிய வடிவத்தில் காகிதத்தை வெட்டிக்கொள்வது, துணியை அதன்மேல் மடித்துத் தைப்பது, அந்தத் துண்டுகளை விளிம்போடு விளிம்பாகக் கையால் இணைப்பது, கடைசியில் காகிதத்தை உருவிவிடுவது. இதற்கு இங்கிலீஷ் பேப்பர் பீசிங் என்று பெயர். தையல் மெஷின் வேண்டாம். பேருந்துப் பயணத்திலும் டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரத்திலும் செய்யலாம்.

பிரிட்டனில் ஆண்டு பொறிக்கப்பட்டுக் கிடைத்திருக்கும் ஒட்டுத்துணி விரிப்புகளில் மிகப் பழையது 1718-இல் தைத்தது. பட்டுத் துண்டுகளைக் காகிதத்தின்மேல் மடித்துச் செய்தது. அந்தக் காலத்தில் காகிதம் விலை கூடிய பொருள். பழைய கடிதம், கணக்குப் புத்தகத் தாள், ரசீது என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வெட்டினார்கள். பாதியில் நின்றுபோன விரிப்புகளின் பின்புறத்தில் அந்தத் தாள்கள் இன்றும் இருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் அவற்றைப் படித்துத்தான் காலத்தைக் கணிக்கிறார்கள். உள்ளே இருக்கும் கடிதத்தின் தேதிக்கு முன்னால் அந்தத் துண்டு தைக்கப்பட்டிருக்க முடியாது அல்லவா? 1835-இல் ‘கோடீஸ் லேடீஸ் புக்’ என்ற அமெரிக்கப் பத்திரிகை அறுகோண ஒட்டுவேலைக்கு மாதிரி வெளியிட்டது. 1920, 30-களில் அதே அறுகோணங்கள் ‘பாட்டியின் பூந்தோட்டம்’ என்ற பெயரில் அமெரிக்க வீடுகளின் கட்டில்களை நிறைத்தன. 1943-இல் சிங்கப்பூர் சாங்கி சிறையில் ஜப்பானியர் அடைத்துவைத்திருந்த சிறுமிகள், கிடைத்த கந்தல்களை வைத்துத் தங்கள் சாரணத் தலைவிக்குப் பிறந்தநாள் பரிசாகத் தைத்ததும் இந்த அறுகோணப் பூக்களைத்தான். அந்த விரிப்பு இப்போது லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிறையிலேயே செய்ய முடிந்த வேலை என்றால் இதற்கு எவ்வளவு குறைவான பொருள் போதும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேப்பர் பீசிங் என்ற பெயரில் இன்னொரு முறையும் உண்டு. அதில் வரைபடம் அச்சிட்ட மெல்லிய தாளின்மேலேயே துணியை வைத்து, எண் வரிசைப்படி கோட்டின்மீது மெஷினில் தைத்து, பிறகு தாளைக் கிழித்தெடுப்பார்கள். கூர்மையான முக்கோணங்களுக்கும் நட்சத்திரங்களுக்கும் அது சிறந்தது. ஆனால் துணியைத் தாளின் பின்புறம் வைத்துத் தைப்பதால் உருவம் இடவலமாக மாறும். தொடக்கத்தில் அது தலை சுற்றவைக்கும். முதலில் கைத்தையலைப் பழகிக்கொண்டு அங்கே போவதே என் யோசனை.

காகிதம்: வேலையில் பாதி இங்கேதான்

புதிதாக வருபவர்கள் துணிக்கும் நூலுக்கும் செலவழிக்கிற கவனத்தில் கால்வாசியைக்கூடக் காகிதத்துக்குக் கொடுப்பதில்லை. இந்த முறையில் அளவு முழுக்கக் காகிதத்தில்தான் இருக்கிறது. துணியைக் கோணலாக வெட்டினாலும் காகிதம் காப்பாற்றிவிடும். காகிதம் அரை மில்லிமீட்டர் பிசகினால் எவ்வளவு நல்ல தையல்காரியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஏழு துண்டு சேர்வதற்குள் அந்தப் பிசகு வளர்ந்து, நடுவில் பூ குவியும் அல்லது ஓரம் அலையடிக்கும்.

பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸை எடுங்கள். கவராயத்தை ஓர் அங்குலத்துக்கு விரித்து வட்டம் போடுங்கள். விரிப்பை மாற்றாமல் வட்டத்தின் மேலேயே ஒரு புள்ளியில் முள்ளை ஊன்றி அடுத்த புள்ளியைக் குறியுங்கள். அங்கே ஊன்றி அடுத்தது. ஆறு புள்ளிகள் வந்து வட்டம் முடியும். அவற்றை ஸ்கேல் வைத்து இணைத்தால் ஓர் அங்குலப் பக்கமுள்ள அறுகோணம் தயார். பேப்பர் பீசிங்கில் ‘ஓர் அங்குல அறுகோணம்’ என்றால் ஒரு பக்கத்தின் நீளம் ஓர் அங்குலம் என்றுதான் பொருள். மூலைக்கு மூலை அளந்தால் அது இரண்டு அங்குலம் இருக்கும். கடையில் வெட்டிய காகிதம் வாங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இரு மடங்கு பெரியதை வாங்கிவிடுவதுண்டு.

இந்த முதல் அறுகோணத்தைக் கெட்டியான அட்டையில் வெட்டி, அதையே வார்ப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் இதைப் பார்த்தே வரைய வேண்டும். இரண்டாவதை வைத்து மூன்றாவதை வரைந்தால் ஒவ்வொரு முறையும் பென்சில் கோட்டின் தடிமன் கூடிக்கொண்டே போகும். பென்சிலை நன்றாகச் சீவிக்கொண்டு, கோட்டின் உட்பக்கமாக வெட்டுங்கள். கணினியும் பிரிண்டரும் உள்ளவர்கள் அச்சிட்டுக்கொள்ளலாம். அப்படியென்றால் தாளில் வந்ததை ஸ்கேலால் அளந்து பார்த்த பிறகே வெட்டுங்கள். தாளுக்கு ஏற்ப பிரிண்டர் தானாகவே உருவத்தைச் சுருக்கிவிடும்.

எந்தக் காகிதம்? சாதாரண ஏ4 தாள் மெலிந்தது. மடிப்பு நிற்காது, ஊசி கூடவே அதையும் தைத்துவிடும். 150 முதல் 200 ஜிஎஸ்எம் வரையுள்ள தாள் வசதி. வீட்டில் குவிந்துகிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளில் மெல்லியவை இதற்கு அருமையாகப் பொருந்தும். தங்க நிறப் பொடி உதிர்பவற்றையும் மேடாக அச்சிட்டவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். செய்தித்தாள் வேண்டவே வேண்டாம். அதன் மை வெளிர் துணியில் ஏறும்.

வெட்டி முடித்ததும் ஒரு சோதனை. மூன்று காகிதங்களை ஒரு புள்ளியில் மூலை சேர்த்து வையுங்கள். அறுகோணத்தின் ஒரு மூலை 120 பாகை என்பதால் மூன்றும் சேர்ந்து இடைவெளியே இல்லாமல் உட்கார வேண்டும். உட்காராததைத் தூக்கிப்போடுங்கள்; தாட்சண்யம் பார்க்காதீர்கள். தேறியவற்றின் நடுவில் பஞ்சிங் மெஷினால் ஒரு ஓட்டை போட்டுவையுங்கள். பிறகு காகிதத்தை உருவும்போது அது கைகொடுக்கும்.

துணி, ஊசி, நூல்

காட்டன் மட்டும். பாப்ளின், ரவிக்கைக்கு வாங்கும் டூ பை டூ, பழைய சட்டை, கட்பீஸ் எல்லாம் சரி. மடித்து நகத்தால் தேய்த்தால் மடிப்பு நிற்கிற துணி நல்ல துணி. பட்டு வழுக்கும், சிந்தெடிக் எழும்பிக்கொண்டே இருக்கும், ஜரிகை நூலை அறுக்கும். இரண்டு பூக்கள் தைத்த பிறகு வேண்டுமானால் பட்டின் பக்கம் போகலாம். எல்லாத் துணியையும் முதலில் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். சிவப்பு, நீலம், கறுப்பு ஆகியவற்றை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணி இந்த வேலைக்கு ஆகாது. முடித்த விரிப்பில் ஒரு துண்டு சாயம் விட்டால் அதைச் சுற்றியுள்ள ஆறும் கெட்டுவிடும்.

ஊசி மெல்லியதாக, ஒன்பது அல்லது பத்தாம் நம்பராக இருக்கட்டும். எண் கூடக் கூட ஊசி மெலியும். நூல் ஒற்றையாக, ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். நீளமாகக் கோத்தால் அடிக்கடி கோக்கும் வேலை மிச்சம் என்று தோன்றும், ஆனால் அது முறுக்கிச் சிக்கிக்கொள்ளும். பல நிறத் துணிகளுக்கு நடுத்தரச் சாம்பல் நிற நூல் ஒன்றே போதும். துணியின் நிறத்துக்கு நூல் தேடிக் கடைகடையாக ஏறத் தேவையில்லை.

துணியைக் காகிதத்தில் மடித்தல்

ஓர் அங்குல அறுகோணத்துக்கு இரண்டரை அங்குலச் சதுரத் துணி சரியாக இருக்கும். காகிதத்தைத் துணியின் கெட்ட பக்கத்தில் நடுவாக வைத்து, நடு ஓட்டை வழியாக ஒரு குண்டூசி குத்துங்கள். சுற்றிலும் கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். கண்ணளவு போதும், கொஞ்சம் கூடினாலும் குற்றமில்லை. குறைந்தால்தான் நூல் பிரியும்.

பூவோ புள்ளியோ உள்ள துணியானால், அட்டையில் அறுகோண ஓட்டை வெட்டி, அதைச் சட்டம்போல் துணிமேல் நகர்த்திப் பாருங்கள். எந்தப் புள்ளி நடுவில் வந்தால் அழகு என்பது உடனே தெரியும். சுங்குடிப் புடவையின் மிச்சத் துண்டு இருந்தால் இதைச் செய்யாமல் விடாதீர்கள். துணி கொஞ்சம் வீணாகும், ஆகட்டும்.

இப்போது ஒரு பக்கத்தைக் காகிதத்தின் விளிம்பில் இறுக்கமாக மடியுங்கள். அடுத்த பக்கத்தை அதன்மேல் மடித்து, மூலையில் இரண்டு மடிப்பையும் சேர்த்துப் பிடித்து, அதே இடத்தில் இரண்டு சிறு தையல் போடுங்கள். காகிதத்தில் குத்த வேண்டாம், துணி மடிப்பில் மட்டும். நூலை அறுக்காமல் அடுத்த மூலைக்குப் போங்கள். ஆறு மூலையும் முடிந்தால் துணி தானாகவே இறுகி நிற்கும். எல்லாத் துண்டையும் ஒரே திசையில், உதாரணமாகக் கடிகாரச் சுற்றாக, மடித்துப் பழகுங்கள். இந்தத் தையலைப் பிறகு பிரிக்க வேண்டியதில்லை; பின்புறத்திலேயே தங்கிவிடும்.

இரண்டு அங்குலம், அதற்கு மேல் பெரிய அறுகோணங்களுக்கு மூலைத் தையல் போதாது. அவற்றில் காகிதத்தையும் சேர்த்து நீளநீளமாகத் தற்காலிகத் தையல் ஓட்டிக்கொண்டு, கடைசியில் பிரிக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் குளூ ஸ்டிக்கைத் தடவி ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள். வேகமான வழிதான். ஆனால் பசையைத் தாராளமாகத் தடவினால் காகிதத்தை எடுக்கும்போது துணி இழுபடும்.

அறுகோணத்தில் தொடங்கச் சொல்வதற்கு இங்கே ஒரு காரணம் உண்டு. அதன் மூலைகள் விரிந்தவை, மடிப்பு முழுவதும் உள்ளேயே அடங்கிவிடும். வைர வடிவத்தின் கூர்முனையில் துணி வால்போல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதை அடக்கத் தனிப் பழக்கம் வேண்டும்.

இணைத்தல்

நடுவுக்கு ஒன்று, சுற்றி ஆறு. தைக்கும் முன் ஏழையும் மேசையில் பூவாக அடுக்கி நிறத்தைப் பாருங்கள்.

நடுத்துண்டையும் முதல் இதழையும் நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கும்படி முகத்தோடு முகம் சேர்த்துப் பிடியுங்கள். மூலைகள் நேர் பொருந்த வேண்டும். பெரிய முடிச்சு போடாமல், முதல் மூலையில் இரண்டு மூன்று தையல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு நூலை நிறுத்துங்கள். பிறகு விளிம்பைச் சுற்றிச் சுற்றி வரும் சிறு தையல்கள். அங்குலத்துக்குப் பதினைந்து வந்தால் நல்லது. ஊசி இரண்டு மடிப்புகளின் நுனியில் இரண்டு மூன்று இழைகளை மட்டும் எடுக்க வேண்டும். காகிதத்தில் குத்தினால் கைக்கே தெரியும், ஊசி தடைபடும். பின்வாங்கிக் கொஞ்சம் மேலே எடுங்கள். ஆழமாக எடுத்த தையல்தான் நல்ல பக்கத்தில் பல்வரிசையாகத் தெரியும். நூலை இறுக்கி இழுப்பதும் தவறு. கடைசி மூலையில் இரண்டு தையல் திரும்பிவந்து கட்டுங்கள்.

இரண்டாம் இதழை நடுத்துண்டின் அடுத்த பக்கத்தில் சேர்க்கும்போது முதல் இதழுக்குத் தள்ளியிருக்கும் மூலையிலிருந்து தொடங்குங்கள். அப்போதுதான் முதல் இதழ் இருக்கும் மூலையில் வந்து முடியும். நூலை அறுக்காமல் அங்கேயே திரும்பி, இரண்டு இதழ்களுக்கும் இடையிலுள்ள பக்கத்தை வெளிநோக்கித் தைத்துவிடலாம். விளிம்புகள் சேரவில்லையே என்று இங்கே பலர் திகைப்பார்கள். நடுத்துண்டைக் காகிதத்தோடு பாதியாக மடியுங்கள், சேர்ந்துவிடும். காகிதம் மடங்கினால் கெட்டுவிடாது. இப்படியே ஆறாவது இதழ்வரை போனால், அதற்கு மட்டும் இரண்டு பக்கமும் அண்டை இதழ்கள் இருக்கும்.

காகிதத்தை எடுத்தல்

ஒரு துண்டின் எல்லாப் பக்கமும் தைக்கப்பட்ட பிறகே அதன் காகிதத்தை எடுக்க வேண்டும். ஏழு துண்டுப் பூவில் நடுத்துண்டுக்கு மட்டும்தான் அந்தத் தகுதி உண்டு. பின்புறமிருந்து இஸ்திரி போட்டு, ஓட்டையில் ஊசியின் மழுங்கிய முனையை விட்டு நெம்புங்கள், துள்ளி வெளியே வரும். இதழ்களின் காகிதம் இருக்கட்டும். அதை அவசரப்பட்டு எடுத்தால் வெளிவிளிம்பின் மடிப்பு விரிந்து பூவின் வடிவம் போய்விடும். எடுத்த காகிதம் நசுங்கவில்லை என்றால் திரும்பத் திரும்பப் பயன்படும்.

முதல் பூ சுமார் ஐந்து அங்குல அகலம் இருக்கும். அதை ஒரு மஞ்சப்பையில் தைத்துவிடுவதுதான் எளிதான முடிவு. வெளிவிளிம்பு மடிப்பு நிற்கும்படி இஸ்திரி போட்டு, இதழ்களின் காகிதத்தை எடுத்து, பூவைப் பையின்மேல் குண்டூசியால் நிறுத்தி, சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு தையலாகப் பிடியுங்கள். பையைத் துவைத்தாலும் கலையாது.

அடுத்த கட்டமாக மெத்தைத் திண்டு உறை. பூவைச் சுற்றி 12 துண்டுகள், அதைச் சுற்றி 18 என்று இரண்டு வளையம் கூட்டினால் மொத்தம் 37 துண்டுகள். சுமார் 12-க்கு 11 அங்குலம் வரும். பின்னால் மெல்லிய பஞ்சு விரிப்பும் அதற்குப் பின் ஒரு காட்டன் துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டால் முறையான குயில்ட் ஆகிவிடும்.

ஒற்றைக் கட்டில் விரிப்பு மனதில் இருந்தால் முதலிலேயே கணக்குப் பாருங்கள். ஓர் அங்குல அறுகோணத்தின் பரப்பு சுமார் 2.6 சதுர அங்குலம். 60-க்கு 90 அங்குல விரிப்புக்கு ஏறத்தாழ 2,100 துண்டுகள் வேண்டும். 37 துண்டு உறையைத் தைத்து முடித்த பிறகும் இந்த எண்ணைக் கண்டு பயம் வரவில்லை என்றால் தாராளமாகத் துணி சேர்க்கத் தொடங்குங்கள். வந்தால், பக்கத்தை இரண்டு அங்குலமாக்குங்கள், 520 துண்டில் வேலை முடிந்துவிடும்.