சிறு வியாபாரமும் கணனிச் செலவும்

எமது வியாபாரிகள் கடைக்குக் கணனி வாங்கப் போனால் முதலில் கேட்பது விலையைத்தான். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவில் நான்கு கடை ஏறி இறங்கி, பேரம் பேசி, ஐயாயிரம் ரூபா குறைத்து வாங்கிய திருப்தியோடு ஊர் திரும்புவார்கள். ஆனால் அந்தப் பெட்டிக்குக் கொடுத்த பணம் மொத்தச் செலவில் ஒரு பங்குதான். மீதி பின்னால் வருகிறது. மாதாமாதம், சிறிது சிறிதாக, கணக்கில் எழுதப்படாமலேயே வருகிறது. இந்த வாரம் அந்தப் பின்செலவைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒரு நடுத்தரச் சில்லறைக் கடையை எடுத்துக் கொள்வோம். கணனி, பில் அடிக்கும் பிரிண்டர், பார்கோட் வாசிக்கும் கருவி, யூ.பி.எஸ். எல்லாம் சேர்த்து 250,000 ரூபா. பில் போடும் மென்பொருளுக்கு 100,000 ரூபா. (இவை விளக்கத்துக்காக எடுத்த தொகைகள். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக் கொள்ளுங்கள்.) ஆக, முதல் நாள் செலவு 350,000 ரூபா. இனி வருடச் செலவு: மென்பொருள் பராமரிப்புக்கு 20,000, இணைய இணைப்புக்கு மாதம் 3,000 வீதம் 36,000, பில் ரோல், ரிபன் வகைக்கு மாதம் 2,000 வீதம் 24,000, திருத்தவேலை, யூ.பி.எஸ். பற்றரி என்று இன்னுமொரு 20,000. கூட்டினால் வருடத்துக்கு 100,000 ரூபா. ஐந்து வருடம் பாவித்தால் 500,000. முதல் செலவையும் சேர்த்தால் 850,000 ரூபா. அறுபது மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 14,000 ரூபாவுக்குச் சற்று மேல்.

இப்போது இதை இலாபத்தோடு ஒப்பிட வேண்டும். எல்லாச் செலவும் போக நூறு ரூபா விற்பனையில் ஐந்து ரூபா மிஞ்சும் கடை என்றால், இந்த 14,000 ரூபாவைச் சம்பாதிக்க மாதம் 280,000 ரூபாவுக்கு மேலதிகமாக விற்க வேண்டும். அல்லது அந்தளவு பணம் கடையில் வீணாகிக் கொண்டிருப்பதைக் கணனி நிறுத்த வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டால் அது அலங்காரப் பொருள்தான்.

ஆகவே எல்லாக் கடைக்கும் கணனி தேவை என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அரிசி, சீனி, பருப்பு, வெங்காயம் என்று இருபது முப்பது சாமான் வைத்து மொத்த வியாபாரம் செய்பவருக்கு ஒரு கொப்பியும் கையிலுள்ள தொலைபேசியும் போதும். மாறாக, மருந்துக் கடை, உதிரிப்பாகக் கடை, பாதணிக் கடை ஆகியவற்றின் நிலை வேறு. ஒரே செருப்பில் ஆறு அளவு, நான்கு நிறம் என்றால் இருபத்து நான்கு வகை. எந்த அளவு தீர்ந்தது, எது இரண்டு வருடமாகத் தட்டில் தூங்குகிறது என்பதை எந்த முதலாளியும் மனதில் வைத்திருக்க முடியாது. காலாவதித் திகதி பார்த்து விற்க வேண்டிய சாமானும் அப்படித்தான். ஸகாத் கணக்குப் பார்க்கும் நாளில் கையிருப்பின் பெறுமதியை ஊகித்துச் சொல்லாமல் சரியாக எடுக்க முடிவதும் இத்தகைய கடைகளுக்குப் பெரிய உதவியாகும்.

பார்கோட் பற்றி இடையில் ஒரு வார்த்தை. இலங்கையில் பதிவு செய்த கம்பனிகளின் இலக்கங்கள் 479 என்று தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய இலக்கத்தைக் கட்டணம் செலுத்திப் பெற வேண்டும். ஆனால் கடையிலேயே பொதி செய்து கடையிலேயே விற்கும் சாமானுக்கு அது அவசியமில்லை. 2 என்ற இலக்கத்தில் தொடங்கும் வரிசை கடைகளின் உட்பாவனைக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இனி மென்பொருளுக்கு வருவோம். சிறு வியாபாரிகள் அதிகம் அடிபடும் இடம் இதுதான். புறக்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒருவர் தமது மொத்த வியாபாரத்துக்கு ஓர் இளைஞரைக் கொண்டு மென்பொருள் எழுதுவித்தார். விலை மலிவு, தம்பியும் கெட்டிக்காரர், கூப்பிட்ட நேரம் வந்து நிற்பார். 2022 நெருக்கடிக்குப் பின்னர் கணனித் துறைப் பிள்ளைகள் பலர் நாட்டை விட்டுச் சென்றபோது இவரும் போய்விட்டார். சில மாதங்களில் கணனி பழுதடைந்தது. புதுக் கணனியில் மென்பொருளைப் போட்டால் இரகசியச் சொல் கேட்டது. அது அந்தத் தம்பியிடம் மாத்திரமே இருந்தது. வெளியூர்க் கடைகளுக்குக் கொடுத்த கடன் முழுவதும் அதற்குள்தான் கிடந்தது. யார் எவ்வளவு தர வேண்டும் என்று தெரியாமல், பழைய பில் பிரதிகளைக் கட்டுக் கட்டாக அவிழ்த்து, மூன்று பேர் ஆறு வாரம் உட்கார்ந்து எழுதினார்கள். நேர்மையான கடைக்காரர்கள் தாங்களாகவே தொகையைச் சொன்னார்கள். மற்றவர்களிடம் கேட்பதற்கு இவர் கையில் ஒரு கடதாசியும் இருக்கவில்லை.

அந்த இளைஞர் மோசடி செய்யவில்லை. வாங்கும்போது கேட்க வேண்டியதை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். எனவே மென்பொருள் விற்க வருபவரிடம் விலையைப் பேசுவதற்கு முன்னர், "எனது வாடிக்கையாளர் பட்டியல், கடன் நிலுவை, இருப்பு மூன்றையும் நானே எக்ஸல் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? இப்போதே எடுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். மழுப்பினால் அந்த மென்பொருள் இலவசம் என்றாலும் வேண்டாம். நிர்வாகிக்குரிய இரகசியச் சொல்லை எழுதி, உறையில் இட்டு, உங்கள் இரும்புப் பெட்டியில் வைத்துக் கொள்ளுங்கள்.

அடுத்தது வரி வீதம். வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 2022 ஜூன் முதலாம் திகதி 8 வீதத்திலிருந்து 12 ஆகவும், அதே வருடம் செப்டெம்பரில் 15 ஆகவும், 2024 ஜனவரி முதலாம் திகதி 18 ஆகவும் உயர்ந்தது. இருபது மாதத்துக்குள் மூன்று தடவை. வரி வீதம் மென்பொருளுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் எழுதியவரைத் தேடிப் பிடித்துப் பணம் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும். கடைக்காரரே மாற்றக்கூடிய மென்பொருளில் அது ஐந்து நிமிட வேலை. விலையையும் வரியையும் கழிவையும் நீங்களே மாற்ற முடியுமா என்பதை வாங்க முன்னரே பார்த்துக் கொள்ளுங்கள்.

இப்போது மென்பொருளை விலைக்கு வாங்காமல் மாத வாடகைக்கு எடுக்கும் முறை பரவியிருக்கிறது. முதல் செலவு குறைவு, புதுப்பித்தலும் அவர்கள் பொறுப்பு என்பதால் இது நல்ல முறைதான். ஆனால் வாடகை டொலரிலா ரூபாவிலா என்று பாருங்கள். மாதம் 10 டொலர் என்பது 2022 ஆரம்பத்தில் 2,000 ரூபா அளவில் இருந்தது. அதே வருடம் மே மாதத்தில் 3,600 ரூபா அளவுக்குப் போனது. உங்கள் விற்பனை ரூபாவில் நடக்கும்போது செலவு டொலரில் ஏறினால் தாங்குவது கடினம். இணையம் துண்டிக்கப்பட்டால் பில் போட முடியுமா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

செலவைக் குறைக்கிறோம் என்று களவுப் பிரதிகளைப் போட்டுக் கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணனி மென்பொருளையும் பாதுகாக்கிறது என்பது ஒரு புறமிருக்க, பூட்டை உடைத்து வரும் பிரதிகளோடு வைரஸும் சேர்ந்து வருவது வழக்கம். கடிதம் தட்டவும் கணக்கு அட்டவணை போடவும் லிப்ரே ஒபிஸ் இலவசமாகவே கிடைக்கிறது. சட்டபூர்வமானது, சிறு கடைக்குத் தாராளமாகப் போதும்.

பழைய கணனி வாங்குவோர் கவனிக்க: விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு இன்டெல் வகையில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெஸர் வேண்டும். அதற்கு முந்திய கணனிகள் இன்று சந்தையில் மலிவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பில் போடுவதற்கு மாத்திரம், இணையத்தோடு இணைக்காமல் பாவிப்பதானால் பரவாயில்லை. வங்கி வேலைக்கும் மின்னஞ்சலுக்கும் அதைப் பாவிக்க வேண்டாம். மந்தமாக ஓடும் கணனியை வீசுவதற்கு முன்னர் அதன் வன்தட்டைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டுப் பாருங்கள். பல கணனிகள் அதனாலேயே இன்னும் சில வருடம் ஓடும்.

பிரிண்டர் விடயத்தில், விலை மலிவான மைப் பிரிண்டர் கார்ட்ரிஜ் விலையில் பழிவாங்கிவிடும். கார்பன் பிரதியோடு இன்வொய்ஸ் கொடுக்கும் மொத்த வியாபாரிக்கு இரைச்சல் போட்டாலும் பழைய டொட் மேட்ரிக்ஸ் வகையே இன்றும் சிக்கனம். வெப்பத்தால் அச்சிடும் சிறு பில் சில மாதங்களில் மங்கிப் போகும். உத்தரவாதம் உள்ள சாமானுக்கு அந்தப் பில்லை மாத்திரம் கொடுத்தால் பின்னர் வாடிக்கையாளரோடு வாக்குவாதம் வரும்.

யூ.பி.எஸ். என்பது கணனியை ஒழுங்காக நிறுத்துவதற்கான சில நிமிட அவகாசம் மட்டுமே. 2022இல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது அதை நம்பிக் கடை நடத்தப் பார்த்தவர்களின் பற்றரிகள் சீக்கிரமே செத்துப் போயின. லேசர் பிரிண்டரை அதில் செருகவே கூடாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் தொடங்கினால் மின் இணைப்பை மட்டுமல்ல, தொலைபேசிக் கம்பியையும் கழற்றி விடுங்கள். அக்குறணையில் பிங்கா ஓயா பெருகினால் கடைக்குள் தண்ணீர் வரும் என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். இருந்தும் கணனிப் பெட்டியை நிலத்தில் வைக்கும் கடைகளை அத்தகைய ஊர்களிலும் காணலாம். இரண்டு அடி உயரத்தில் ஒரு பலகை அடிக்க என்ன செலவாகும்?

எல்லாவற்றிலும் பெரிய விடயம் பிரதி எடுத்து வைத்தல். 2023 ஓகஸ்ட் மாதத்தில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை கப்பம் கேட்கும் வைரஸால் தாக்கப்பட்டது. சுமார் ஐயாயிரம் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். பிரதிகள் இருந்தன, ஆனால் அவையும் அதே வலையமைப்பில் இருந்ததால் அவற்றையும் வைரஸ் பூட்டிவிட்டது. அந்த மின்னஞ்சல் மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. நிதியில்லாமல் புதுப்பித்தல் தள்ளிப் போனதாகப் பொறுப்பான நிறுவனமே கூறியது. ஓர் அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால், பென் டிரைவைக் கணனியிலேயே செருகி வைத்துவிட்டு பிரதி இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கும் கடைக்காரரின் நிலையை என்னவென்பது?

கடைக்கு நான் சிபாரிசு செய்வது இதுதான். இரண்டு பென் டிரைவ் வாங்குங்கள். ஒற்றை நாளில் ஒன்று, இரட்டை நாளில் மற்றது. கடை மூடும்போது பிரதி எடுத்து, கழற்றி, வீட்டுக்குக் கொண்டு போங்கள். வாரத்துக்கு ஒருமுறை கடன் நிலுவைப் பட்டியலைக் கடதாசியில் அச்சிட்டு ஃபைல் பண்ணுங்கள். கடதாசிக்கு வைரஸ் பிடிக்காது.

கடையில் வேலை செய்பவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். காசாளர், அவரது உதவியாளர், முதலாளியின் மகன் எல்லோரும் ஒரே இரகசியச் சொல்லில் நுழையும் கடையில் ஒரு தவறு நடந்தால் யாரையும் கேட்க முடியாது. நிரபராதி மீதும் சந்தேகம் விழும். ஆளுக்கொரு சொல் கொடுங்கள். பில் அடித்து, காசு வாங்கி, சாமான் கொடுத்து, பிறகு அந்தப் பில்லை ரத்துச் செய்துவிட்டால் காசு பெட்டியில் மேலதிகமாக நிற்கும். அதை எடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். கடைகளில் கள்ளம் நுழையும் பொதுவான வழி இது. ரத்துச் செய்யும் அதிகாரத்தை ஒருவருக்கு மாத்திரம் கொடுத்து, ரத்தான பில்களின் பட்டியலைத் தினமும் பாருங்கள். வங்கியில் பணம் போட்டதாக வட்ஸ்அப்பில் வரும் சிட்டையின் படத்தை நம்பிச் சாமான் ஏற்றுவதையும் நிறுத்துங்கள். படத்தை யாரும் மாற்றலாம். கணக்கில் பணம் விழுந்ததைப் பார்த்த பிறகு லொறி புறப்படட்டும்.

பிரதி எடுப்பவர்களில் அதைத் திறந்து பார்ப்பவர் மிகக் குறைவு. வருடாந்த இருப்புக் கணக்கெடுப்புக்குக் கடையை மூடும் நாளில், வேறொரு கணனியைக் கொண்டு வந்து, பென் டிரைவில் இருப்பதை அதில் போட்டு, பத்து வாடிக்கையாளரின் நிலுவையை அச்சிட்ட பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மணித்தியால வேலை. மென்பொருள்காரரையும் அன்று வரச் சொல்லிவிடுங்கள். திறக்காவிட்டால் ஏனென்று அவர் அங்கேயே சொல்லட்டும்.