அரைப் புள்ளியும் பெரிது

சதுரங்கம் ஆடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? சிலர் அதைச் செஸ் என்பார்கள். பலகையில் 64 கட்டங்கள் இருக்கும். இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவார்கள். ஆளுக்கு 16 காய்கள். எதிராளியின் ராஜா தப்ப வழியில்லாமல் மடக்கினால் வெற்றி.

இதை அணியாகவும் ஆடலாம். உலக நாடுகளின் அணிகள் ஆடும் போட்டிக்குச் செஸ் ஒலிம்பியாட் என்று பெயர். இரண்டு நாடுகள் மோதும்போது, ஒவ்வொரு நாட்டிலிருந்தும் நான்கு பேர் ஆடுவார்கள். வென்றவருக்கு 1 புள்ளி. ஆட்டம் சமனானால் ஆளுக்கு அரைப் புள்ளி. தோற்றவருக்குப் புள்ளி இல்லை. நால்வரின் புள்ளிகளையும் கூட்டுவார்கள்.

2022-ஆம் ஆண்டு இந்தப் போட்டி நம் நாட்டில், மாமல்லபுரத்தில் நடந்தது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி நான்காவது சுற்று. இந்தியப் பெண்களின் முதல் அணி ஹங்கேரி நாட்டு அணியுடன் மோதியது.

ஹம்பி, ஹரிகா, வைஷாலி, தானியா ஆகிய நால்வரும் ஆடினார்கள். ஹரிகா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி.

ஹம்பியின் ஆட்டம் சமன். ஹரிகாவின் ஆட்டம் சமன். வைஷாலியின் ஆட்டமும் சமன். மிச்சம் இருந்தது தானியாவின் கணக்கு. அவர் தோற்றால் அணியே தோற்கும். எதிரே இருந்தவர் 15 வயதுப் பெண். ஆனால் சதுரங்கத்தில் வயது முக்கியம் இல்லை. திறமையே முக்கியம்.

தானியா வென்றார். கணக்கைப் பாருங்கள்.

இந்தியா: ½ + ½ + ½ + 1 = 2½
ஹங்கேரி: ½ + ½ + ½ + 0 = 1½

வென்றவர் ஒருவர்தான். ஆனால் வெற்றி நால்வருக்கும் சொந்தம். மற்ற மூவரும் தோற்காமல் காத்த அரைப் புள்ளிகள் இல்லாவிட்டால், தானியாவின் ஒரு புள்ளி மட்டும் போதாது.

கடைசிச் சுற்றில் நம் அணி அமெரிக்காவிடம் தோற்றது. தங்கம் கைநழுவியது. வெண்கலம் கிடைத்தது. இந்தப் போட்டியில் இந்தியப் பெண்கள் பெற்ற முதல் பதக்கம் அதுதான்.

அவர்கள் சோர்ந்துவிடவில்லை. 2024-இல் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் அடுத்த போட்டி நடந்தது. ஹரிகா, வைஷாலி, தானியா ஆகியோருடன் திவ்யா, வந்திகா என்ற இளம் பெண்களும் அணியில் இருந்தார்கள். இம்முறை தங்கம் வென்றார்கள்.

பயிற்சி

1. சதுரங்கப் பலகையில் எத்தனை கட்டங்கள்?
2. சமன் செய்த மூவரில் ஒருவர் தோற்றிருந்தால், இரு அணிகளுக்கும் எத்தனை புள்ளிகள்? கூட்டி எழுதுங்கள்.
3. நீங்கள் பலரோடு சேர்ந்து முடித்த ஒரு வேலையைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள்.