கை எட்டும் கல்வி

திண்டிவனம்

அன்புள்ள தங்கைக்கு,

கல்லூரிப் படிப்பை முடித்துக்கொண்டு வானூருக்குத் திரும்பியிருக்கும் நீ, நம் தெருப் பிள்ளைகள் சிலருக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கக் கருதியிருப்பதாகவும், முன்னறையை அதற்கென ஒழுங்குசெய்ய மேஜை, நாற்காலி, வரைபடம், கணக்கு உபகரணங்கள் ஆகியவற்றிற்கு விலை விசாரித்து வருவதாகவும் எழுதியிருந்தாய். உன் சங்கற்பம் உயர்ந்தது. ஆயினும் பணத்தைச் செலவிடுமுன் ஒன்றைச் சிந்திக்க வேண்டுகிறேன். பொருள்களால் நிறைந்த அறை நல்ல கல்விக்கூடம் ஆகிவிடாது. பெரியவர் துணையை எதிர்பாராமல் குழந்தை தானே எடுத்து, தானே செய்து, தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்ள எவ்விடம் வாய்ப்பளிக்கிறதோ அதுவே கல்விக்கூடம்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை என்பதற்குச் சான்று நம் மாவட்டத்திலேயே உண்டு. கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்து பிள்ளைகளின் படிப்பு தடைப்பட்ட பின்னர், தமிழக அரசு 2021 அக்டோபர் 27ஆம் நாள் ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தைத் தொடங்கியது மரக்காணம் அருகில்தான். முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்கு, உன்னைப் போன்ற இளைஞர்களே மாலை வேளைகளில், தம் குடியிருப்பிலேயே கிடைத்த இடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தனர்.

இன்னும் பின்னோக்கினால், நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலே குழந்தையின் முதல் ஏடாக இருந்தது. சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லமொன்றை மேற்பார்த்துவந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், மணலில் விரலால் எழுதிப் பழகிய நம் நாட்டுப் பிள்ளைகளைக் கண்டு, அம்முறையைத் தம் இல்லத்திலும் புகுத்தி, மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பிக்கச் செய்து, அவ்வனுபவத்தை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட, ‘மதராஸ் முறை’ என்னும் பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. மணலின் மேன்மை யாது? பிழையாக எழுதிய எழுத்து ஒரு கை வீச்சில் மறைந்துவிடுவதால், குழந்தை தவறுசெய்ய அஞ்சுவதில்லை. ஆகவே, விளிம்பு உயர்ந்த ஒரு தட்டில் சலித்த மணலைப் பரப்பி வை; உன் அறையின் முதல் உபகரணம் அதுவாகட்டும்.

இரண்டாவது, உயரம். மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் ரோமாபுரியில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் மேஜையும் அலமாரியும் குழந்தையின் அளவிற்கே செய்யப்பட்டன. அவ்வம்மையார் 1939இல் பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று அடையாற்றுக்கு வந்து, நம் ஆசிரியர்களுக்கு நேரில் பயிற்சியளித்தார். பின்னாளில் செயல்வழிக் கற்றல் முறை வந்தபோது, நம் அரசுத் தொடக்கப்பள்ளிகளின் சுவர்களிலும், தரையில் அமர்ந்த குழந்தைக்கு எட்டுமாறு கரும்பலகைகள் தாழ அமைந்தன. நீயும் அவ்வாறே செய். ஒரு பிள்ளையைப் பாயில் உட்கார வைத்து, அதன் கை சௌகரியமாக எட்டும் வரையிலுள்ள சுவரைக் கருமையாக்கு. வண்ணம் வாங்க இயலாவிடின், அந்நாள் ஆசிரியர்கள் கரும்பலகைக்குப் பூசிய கோவை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்தரைத்த விழுது உனக்கும் உதவும்.

மேஜை நாற்காலிக்குப் பதிலாகக் கோரைப்பாய்களே போதும். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு இடப்புறமிருந்தும், இடக்கையால் எழுதும் பிள்ளைக்கு வலப்புறமிருந்தும் வெளிச்சம் வருமாறு அவற்றை விரி. கையின் நிழல் எழுத்தின்மேல் விழாது. புத்தகங்களை அடுக்கிப் பூட்டாமல், முகப்பு தெரியுமாறு தாழ்ந்த பலகையில் சார்த்தி வை. அனைத்தையும் ஒரே நாளில் பரப்பாமல், சிலவற்றை வைத்து, வாரந்தோறும் மாற்று. எண்ணக் கற்பதற்குப் புளியங்கொட்டை போதும். மிகச் சிறிய குழந்தைகள் அதனை வாயில் போட்டுக்கொள்ளாதபடி பார்த்துக்கொள். தொலைக்காட்சியும் கைப்பேசியும் அந்நேரத்தில் அவ்வறையில் இருத்தலாகாது.

மூன்றாவதாக, உன் கல்விக்கூடம் நான்கு சுவரோடு முடிந்துவிடலாகாது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள் கல்லாய்க் கிடக்கும் திருவக்கரை நம் வட்டத்திலேயே இருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை காத்துவரும் அவ்விடத்தில், மரத்தின் நார் கல்லிலும் தெரிவதைக் குழந்தை கண்ணாரக் காணலாம். அங்கிருந்து ஒரு துண்டையும் எடுத்துவரலாகாது. கண்டதை வரைந்துவரச் சொல். வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்திருக்கும் கழுவேலி, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மழைக்காலம் கழிந்த மாதங்களில் அங்கே அழைத்துச் சென்று, கண்ட பறவைகளின் அலகையும் காலையும் கவனிக்கச் செய். திரும்பியபின், வரைந்தவற்றைப் பிள்ளைகளே சுவரில் ஒட்டட்டும். விலைகொடுத்து வாங்கிய வரைபடத்தைவிட, அவர்கள் கையால் எழுந்த அந்தச் சித்திரங்களே அவ்வறைக்கு உண்மையான அலங்காரம்.

தங்கையே, உன் அறை பள்ளிக்குப் போட்டியன்று, துணை. எனவே பிள்ளைகள் பள்ளிக்குத் தவறாது செல்வதையும் நீ கவனித்துவர வேண்டும். விலைப்பட்டியலை ஒதுக்கிவை. அந்தப் பாயில் நீயே ஒருமுறை அமர்ந்து, குழந்தையின் கண் உயரத்திலிருந்து அறையைச் சுற்றிப் பார். எது எட்டவில்லையோ அதனைத் தாழ்த்து, எது இடறுகிறதோ அதனை அகற்று. அதன்பின் பிள்ளைகளை அழை.

அன்புடன்,
உன் அண்ணன்