வினா எழுப்பியவரும் விடை பகர்ந்தோரும்

இளைஞர் ஒருவர் பட்டம் பெற்றுப் பணியில் அமர்ந்துவிட்டால் அவரது கல்வி நிறைவுற்றது எனக் கருதும் வழக்கம் நம் இல்லங்களில் இன்றும் உண்டு. மூத்தோரின் துணை மிகுதியும் வேண்டப்படுவது அந்தப் பருவத்திலேதான். இதனை டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களின் இளமை வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

1855 இல் பிறந்த ஐயர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டவர். ஆசிரியர் 1876 இல் மறைந்தார். 1880 இல் கும்பகோணம் கல்லூரியில் ஐயருக்குத் தமிழாசிரியர் பணி கிடைத்தது. அப்போது வயது 25. அவ்வாண்டிலேயே முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். என்னென்ன நூல்கள் படித்துள்ளீர் என்று முதலியார் வினவ, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என ஐயர் அடுக்கிக்கொண்டே சென்றார். முதலியார் வியக்கவில்லை. இவற்றிற்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். சீவக சிந்தாமணியைச் சுட்டினார். அத்துடன் நில்லாது, ஏட்டுப் பிரதியிலிருந்து எழுதிய படி ஒன்றைக் கொடுத்து, உடனிருந்து பாடங் கேட்கவும் வந்தார். குறையைக் காட்டிவிட்டு விலகிச் செல்வோர் பலர். உடன் அமர்வோர் சிலரே.

சிந்தாமணி ஐயருக்கு எளிதில் வசப்படவில்லை. தமிழ் தெரிந்திருந்தது, சமண சமயக் கருத்துக்கள் தெரியவில்லை. நச்சினார்க்கினியர் உரையும் பல இடங்களில் கைகொடுக்கவில்லை. கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை அவர் நாடினார். அங்கே சிந்தாமணி வழிவழியாகப் படித்துக் கேட்கப்பட்டுவரும் நூலாக இருந்தது. சந்திரநாத செட்டியார் முதலியோர், வேற்றுச் சமயத்தவர் என ஒதுக்காது, ஐயங்களைப் பொறுமையுடன் தெளிவித்தனர். அவர் வினவிய முறையைக் கண்டு, இவர் பவ்வியர் போலும் என்று அங்கிருந்தோர் வியந்ததும் உண்டு. வீடுபேற்றிற்கு உரிய உயிர் என்னும் பொருளுடைய அச்சொல்லை அவர்கள் எளிதில் வழங்குவார்களா என்ன!

நூல் 1887 இல் வெளிவந்தது. ஏழாண்டு உழைப்பு. பல்கலைக்கழகப் பட்டம் ஏதும் பயிலாத அவருக்கு 1932 இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கிற்று.

ஆசிரியப் பயிற்சியில் ஒரு நடைமுறை உண்டு. பயிற்சி மாணவி பாடம் நடத்தும்போது மூத்த ஆசிரியை பின்வரிசையில் அமர்ந்திருப்பார், இடையில் குறுக்கிடமாட்டார். வகுப்பு முடிந்தபின் பாடக்குறிப்பை வாங்கி ஒரே ஒரு வினாக் கேட்பார். அன்றிரவு உறக்கம் வராது. மறுநாள் பாடம் சிறக்கும். முதலியார் செய்ததும் ஏறத்தாழ இதுவே. ஆயினும் விடை தேடிச் செல்ல ஓர் இல்லம் இல்லாதிருந்தால் அவ்வினாவால் விளைந்தது என்ன?

இன்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமணவியலுக்கெனத் தனித்துறை உள்ளது. கல்வெட்டு, ஓலைச்சுவடி, தமிழிலக்கியம் ஆகியவற்றில் ஆய்வு செய்வோரும் நம் ஊர்களுக்கு வருகின்றனர். மணிப்பிரவாள ஸ்ரீபுராணத்தைத் தடையின்றிப் படித்துப் பொருள் சொல்லும் பெரியோர் எத்தனை பேர் உள்ளனர் என்று ஒவ்வோர் ஊரிலும் விரல்விட்டு எண்ணிப் பார்ப்போம். அவர்களிடம் நம் வீட்டுப் பொறியாளரும் கணக்காயரும் விடுமுறை நாள்தோறும் ஒரு மணி நேரம் அமர்ந்து பாடங் கேட்கட்டும். கேட்டதைக் குறிப்பேட்டில் நாளிட்டு எழுதுக. பொருள் விளங்காத சொற்களுக்கு இறுதியில் நான்கு பக்கம் ஒதுக்குக. ஆய்வு மாணவர் வரும் நாளில் அந்த நான்கு பக்கங்களையே முதலில் விரித்து வைக்கலாம்.