வெயிலினால் வெந்நீர்: நெல் அவிப்போருக்கு விறகுச் சிக்கனம்

நெல் அவிக்கும் வீடுகளில் விறகே பெருஞ் செலவாகும். 28 பாகை செல்சியசு வெப்பமுள்ள கிணற்று நீர் கொதிப்பதற்கு அதன் சூடு 72 பாகை ஏற வேண்டும். வெயிலே அந்நீரை 52 பாகைக்கு உயர்த்திவிடுமாயின், மூன்றிலொரு பங்கு வேலை அடுப்பில் வைக்குமுன்னரே முடிந்துவிடும். இதற்கான பெட்டியைத் தச்சரின் உதவியுடன் நீங்களே அமைத்துக்கொள்ளலாம்.

தத்துவம்

சூடேறிய நீர் இலேசாகி மேலெழும். குளிர்ந்த நீர் கீழிறங்கும். ஆகவே தாங்கி பெட்டிக்கு மேலே இருப்பின், நீர் தானாகவே சுற்றியோடும். இயந்திரம் வேண்டியதில்லை.

அமைக்கும் முறை

1. 6 அடி நீளமும் 3 அடி அகலமும் 5 அங்குல ஆழமுமுள்ள பலகைப் பெட்டி செய்து, அடியில் 2 அங்குலத் தடிப்பிற்குக் காய்ந்த தும்பைப் பரப்புக.

2. அரை அங்குலச் செம்புக் குழாய்கள் ஏழினை நீளவாட்டில் அடுக்கி, இரு முனைகளிலும் ஓர் அங்குலக் குறுக்குக் குழாய்களுடன் பற்றவைப்பிக்க. நீர் நிரப்பி ஒழுக்கில்லையென உறுதிசெய்க.

3. குழாய்களைச் செம்புத் தகட்டுடன் இறுகப் பொருத்தி, மினுக்கமற்ற கறுப்புப் பூச்சுப் பூசுக. தகடு குழாயைத் தொடாவிடின் அதன் சூடு நீரைச் சேராது.

4. இதனைத் தும்பின்மீது வைத்து, ஓர் அங்குல இடைவெளி விட்டுக் கண்ணாடியால் மூடுக. மழைநீர் புகாதவாறு விளிம்புகளை அடைக்க.

5. நிழல் விழாத இடத்தில், பெட்டியைத் தெற்கு நோக்கிச் சரித்து வைக்க. மேல் முனை ஏறக்குறைய 19 அங்குலம் உயர்ந்திருத்தல் போதும்.

6. 100 லீற்றர் தாங்கியை உறுதியான மேடைமீது வைத்து, சுற்றிலும் உமியிட்டு மூடுக. தாங்கியின் அடி, பெட்டியின் மேல் முனையிலும் ஓரடி உயரத்தில் இருத்தல் வேண்டும். இன்றேல் இரவில் நீர் எதிர்முகமாக ஓடிச் சூட்டை இழக்கும்.

7. தாங்கியின் அடியிலிருந்து பெட்டியின் கீழ் முனைக்கும், பெட்டியின் மேல் முனையிலிருந்து தாங்கியின் மேற்பகுதிக்கும் குழாய் இணைக்க. மேற்குழாய் எவ்விடத்தும் தாழாது ஏறிச் செல்லல் வேண்டும். தாழ்ந்தால் காற்று அடைபட்டு ஓட்டம் நின்றுவிடும்.

கவனிக்க வேண்டியவை

நீர்மட்டம் மேற்குழாயின் வாய்க்கு மேலேயே இருக்கட்டும். தாங்கியின் மூடியில் காற்றுத் துளை அவசியம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீரில் சுண்ணாம்பு மிகுதியாதலால், குழாய்களை இடையிடையே கழுவிவிடுக. குடிப்பதற்கு இந்நீரைக் கொதிக்கவைத்தே பயன்படுத்துக.

நண்பகலில் இரு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். மேற்குழாய் சுடவும் கீழ்க்குழாய் குளிரவும் இருப்பின் நீர் முறையாக ஓடுகின்றது. பிற்பகல் மூன்று மணிக்குப் பின் நீரை எடுப்பதே நன்று.

மாரி முகிலில் பயன் குறையும். ஆயினும் பெரும்போக நெல் வீடு சேரும் மாசி, பங்குனி மாதங்களில் வெயிலுக்குக் குறைவில்லை. அறுவடைக்கு முன்னரே பெட்டியை ஆயத்தஞ் செய்வீராக.