போடிமலைக்கு வரும் எல்லைக் கோட்டை

பாத்திரமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்காக கேரி கைகாக்ஸ் எழுதிய சாகசத் தொகுதி ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ 1979இல் வந்தது. எல்லையில் ஒரு கோட்டை, சற்றுத் தள்ளி அரக்கக் கூட்டங்கள் குடியிருக்கும் குகைப் பள்ளத்தாக்கு. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளுக்கு ஏற்றபடி இதை குட்மேன் கேம்ஸ் 2018இல் மாற்றி வெளியிட்டது. அந்தப் புத்தகம் இல்லாமலும் மாற்றலாம். களத்தைப் போடிநாயக்கனூருக்குக் கொண்டுவந்தால் ஆட்டம் இன்னும் களைகட்டும்.

முதல் வேலை வரைபடம். கோட்டை, போடிப் பாளையக்காரருடையது. குகைகள் குரங்கணிக்கு மேலே. மூணாறுப் பக்கத்துத் தேயிலை ஒருகாலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக ரோப்வேயில் கோட்டகுடிக்கு இறங்கியது. அந்த மூன்று இடங்களே ஏறுவழியின் தங்குமிடங்கள். மூலத்தில் 20 பக்கப் பகடை உருட்டிக் கேட்கும் வதந்திகளை ஏலக்காய்க் கடைகளில் பேசவிடலாம். அவற்றில் சில பொய், அப்படியே இருக்கட்டும்.

அடுத்தது எண்கள். மூலத்தின் பழைய பேசிக் விதியில் ஆர்மர் கிளாஸ் எண் குறையக் குறையக் காப்பு கூடும், இப்போது நேர்மாறு. பழைய எண்ணை 19இலிருந்து கழித்தால் புது எண். கோபோல்ட் என்ற குட்டி அரக்கனின் 7 இப்படி 12 ஆகும். 2014 மான்ஸ்டர் மேனுவலிலும் 12தான். ஓகர் என்ற ராட்சதனிடம் இந்தக் கணக்கு செல்லாது. அதன் பழைய 5, கழித்தால் 14. 2014 நூலிலோ 11, கூடவே 59 ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி). பழைய ஓகருக்கு அதிகபட்சமே 33. அதனால் கழித்துக்கொண்டு உட்காராமல், அதே பெயருள்ள உயிரியைப் புது நூலிலிருந்து எடுத்து வைப்பதே சரி. உங்கள் குழு சிறிதென்றால் உயிரிகளின் எண்ணிக்கையை மட்டும் குறைக்க வேண்டும்: மூலம் 6 முதல் 9 பேருக்கானது. புது ஓகரின் ஓர் அடி சராசரி 13. முதல் லெவல் மந்திரவாதி அதைத் தாங்கமாட்டார்.

பலரும் கோட்டைவிடுவது இதற்கடுத்த இடத்தில்தான். பழைய விதியில் ஒரு பொற்காசுக்கு ஓர் அனுபவப் புள்ளி. சண்டையே போடாமல் புதையலோடு நழுவியவர்தான் கெட்டிக்காரர். புது விதி எதிரியை வென்றால் புள்ளி தருகிறது. இதை மாற்றாவிட்டால் குகைகள் வெறும் அடிதடிக் களமாகிவிடும். எனவே புதையலை ஏலக்காய் மூட்டைகளாக்கி, அவை போடி வந்து சேர்ந்தால்தான் லெவல் ஏறும் என்று வைக்கலாம். வழியில் மழை பிடித்துக் காயின் பச்சை நிறம் போனால் விலை விழும். சுமப்பதும் காப்பதும் தாமாகவே சிக்கலாகும். எதிர்ப்படும் கூட்டத்தின் மனநிலைக்குப் பழையபடி இரண்டு ஆறுபக்கப் பகடைகளை உருட்ட வேண்டும்: 2 விழுந்தால் பாய்வார்கள், 12 விழுந்தால் நட்பு. ஒரு கூட்டத்தை இன்னொன்றோடு மோதவிடும் வாய்ப்பை கைகாக்ஸே வைத்திருக்கிறார்.

கடைசியாக, மூலத்தின் குகையில் சங்கிலியில் கிடக்கும் மெடூசா. புது நூலில் அதற்கு 127 ஹிட் பாயிண்ட். புதியவர்கள் வெல்ல முடியாது. சங்கிலியை அவிழ்க்காமல் பேரம் பேசவிட வேண்டும். அதன் பார்வைக்கு எதிரான சேவிங் த்ரோ (தப்பிக்கும் உருட்டல்) தவறினாலே கல்லாவது பழைய விதி. 2014 விதியில் அந்த உருட்டல் தேவையான எண்ணுக்கு 5 அல்லது அதற்கு மேல் குறைந்தால்தான் உடனே கல். அதைவிடக் குறைவாகத் தவறியவர்களுக்கு இன்னொரு உருட்டல் உண்டு.