மைனிங் மெஷின் விற்பவர் உண்மையானவரா? புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கற்பிட்டியில் கருவாடு வாங்குகிறவர் மேலே அடுக்கியிருப்பதைப் பார்த்து விலை பேசமாட்டார். மூட்டைக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒன்றை உருவி, மோந்து பார்த்து, வயிற்றுப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் பேச்சு. அதே ஆள் பல இலட்ச ரூபாய் பெறுமதியான பிட்கொயின் மைனிங் மெஷினுக்கு, பேஸ்புக்கில் வந்த ஒரு படத்தை நம்பி முற்பணம் அனுப்பிவிடுகிறார். இங்கேயும் கையை அடிவரை விட வழி இருக்கிறது.

முதலில் வீட்டு மீற்றர் பெட்டி

விற்பவரை விசாரிக்கும் முன் மெஷினை விசாரியுங்கள். பிட்மெயின் கம்பனியின் அன்ட்மைனர் எஸ்21 வினாடிக்கு 200 டெராஹாஷ் (கணிப்பு வேகத்தின் அளவு) வேகத்தில் ஓடும். 3,500 வாட் மின்சாரம் தின்னும். ஒரு நாளைக்கு 84 யுனிட், 30 நாளைக்கு 2,520 யுனிட். வீட்டுப் பில்லில் ஆகக்கூடிய கட்டணம் 180 யுனிட்டைத் தாண்டியதும் தொடங்குகிறது. அதைப்போல் 14 மடங்கு! நுரைச்சோலை மின் நிலையத்தின் புகைபோக்கி நம் முற்றத்திலிருந்து தெரிகிறது என்பதற்காக பில்லில் யாரும் கழிவு தரப்போவதில்லை.

இன்னொரு கணக்கு: 3,500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 15 அம்பியருக்கு மேல் வரும். நம் வீட்டு 13 அம்பியர் பிளக் அதைத் தாங்காது. நேர்மையான வியாபாரி, "லைன் சிங்கிள் பேஸா, திரீ பேஸா? எந்த அறையில் வைக்கப் போகிறீர்கள்?" என்று தானே கேட்பார். கடலுக்குப் பக்கம் என்று சொன்னால், உப்புக்காற்றை விசிறி உள்ளே இழுத்துப் போர்டு துருப்பிடிப்பதைப் பற்றியும், அதற்கு உத்தரவாதம் செல்லுமா என்பதைப் பற்றியும் பேசுவார். "பிளக்கில் சொருகினால் போதும், மாதம் இவ்வளவு நிச்சயம்" என்பவரோடு அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரலில், மைனிங்கில் ஒரு பிளாக்கைக் கண்டுபிடிப்பவருக்குக் கிடைக்கும் வெகுமதி 6.25 பிட்கொயினிலிருந்து 3.125 ஆகப் பாதியானது. நிச்சய வருமானம் என்று இந்தத் தொழிலில் எவரும் சொல்ல முடியாது. 300 வாட்டில் 200 டெராஹாஷ் ஓடும் என்று ஒரு மெஷினைக் காட்டினால் அது வெறும் பெட்டி.

கம்பனியின் பெயர்

அவர் அனுப்பும் சான்றிதழின் படத்தை விட்டுவிட்டு, கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் தளத்தில் பெயரை நீங்களே தேடுங்கள். பெயர் இருந்தால் கம்பனி இருக்கிறது என்பது மட்டும்தான் உறுதி. "மத்திய வங்கி அங்கீகாரம்" என்று தாள் நீட்டினால் 1935க்கு அழைத்துக் கேளுங்கள். மைனிங் உட்பட எந்தக் கிரிப்டோ தொழிலுக்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை என்று 2021 ஏப்ரலில் மத்திய வங்கியே அறிவித்தது.

தளமும் சீரியல் இலக்கமும்

பிட்மெயின், மைக்ரோபிடி, கனான் ஆகிய தயாரிப்பாளர்களின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போலித் தளம் தொடங்குவது பழைய தந்திரம். தளத்தின் பெயர் எப்போது பதிவானது என்பதை ஹூஇஸ் தேடலில் இலவசமாகப் பார்க்கலாம். "பத்து வருட அனுபவம்" என்பவரின் தளத்துக்கு மூன்று வாரம்தான் வயது என்றால் வேறு விசாரணை தேவையில்லை.

பிறகு வீடியோ அழைப்பு எடுக்கச் சொல்லுங்கள். மெஷின் ஓட வேண்டும். உங்கள் பெயரும் அன்றைய திகதியும் எழுதிய துண்டுத்தாள் அதன்மேல் இருக்க வேண்டும். சீரியல் இலக்கத்தையும், திரையில் ஓடும் ஹாஷ் வேகத்தையும் கமராவைக் கிட்டக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். சீரியலைத் தயாரிப்பாளரின் தளத்தில் கொடுத்துப் பாருங்கள். சாமான் கையில் இருப்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை. மற்றவருக்கு அன்றைக்குப் பார்த்துக் "கமரா பழுதாகிவிடும்".

முற்பணம்

மைனிங் மெஷின் விற்ற பட்டர்பிளை லாப்ஸ் பதிவான அமெரிக்கக் கம்பனிதான். முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கியது. 2013 செப்டெம்பரில் 20,000க்கு மேற்பட்டோர் மெஷின் கிடைக்காமல் காத்திருந்தார்கள். 2014இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. தாமதத்தால் சில மெஷின்கள் அறையைச் சூடாக்கத்தான் உதவும் என்று கம்பனி ஆளே ஒப்புக்கொண்டாராம். கற்பிட்டி வெயிலில் அதற்கும் வேலையில்லை!

ஆகவே சாமானைக் கண்ணால் பார்த்து, ஓடவிட்டுக் காசு கொடுங்கள். வங்கிக் கணக்கு கம்பனிப் பெயரில் இல்லாமல் தனியாள் பெயரில் இருந்தால் கொடுக்காதீர்கள். டெதர் என்ற கிரிப்டோ நாணயத்தில் மட்டும் அனுப்பச் சொன்னாலும் அப்படித்தான். போனதைத் திருப்ப வழியில்லை.

"மெஷின் எதற்கு, பங்கு எடுங்கள்"

இந்தியாவில் கெயின்பிட்கொயின் என்ற திட்டம் மைனிங்கின் பெயரில் மாதம் 10 வீதம், 18 மாதத்துக்கு என்று ஆசை காட்டியது. அதை நடத்தியவர் 2018இல் கைதானார். நம் நாட்டில் ஒன்மெக்ஸ் டிடி, எம்டிஎப்இ, ஸ்போர்ட்ஸ் செயின் ஆகிய திட்டங்கள் மத்திய வங்கியின் தடைப் பட்டியலில் உள்ளன. ஆள் சேர்த்தால் கமிஷன் என்ற சொல் வந்தாலே எழுந்து வாருங்கள், சொல்பவர் சொந்த மச்சானாக இருந்தாலும்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டால்

வட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல், வங்கிச் சீட்டோடு பொலிஸில் முறையிடுங்கள். "போன காசை மீட்டுத் தருகிறேன், முதலில் சிறு கட்டணம் அனுப்புங்கள்" என்று சில நாளில் வேறொருவர் அழைப்பார். அவருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.